ஜெர்மன் மாட்டுக்கொட்டகையில் பதினான்கு விநாடிகள்

என்னிடம் ஒரு தாள் இருக்கிறது. நீளமான தாள், ஓரங்கள் பழுப்பேறியது, வலது கீழ் மூலையில் தேநீர்க் கோப்பை உட்கார்ந்து எழுந்த வட்டம். பென்சிலால் மூன்று பத்தியாகப் பிரித்திருக்கிறேன். இடது பத்தியில் நேரம், நடுவில் ஆங்கில வசனம், வலது பக்கம் என் தமிழ். கடைசிக் கட்டத்தில் நேரம் மட்டும் இருக்கிறது: நாற்பத்து மூன்றாவது நிமிடம் பதினெட்டாவது விநாடியிலிருந்து முப்பத்திரண்டாவது விநாடி வரை. நடுப்பத்தி காலி. வலப்பத்தியில் நான் எழுதி, இன்னொருவர் அடித்த ஒரு வசனம். அதன் கீழே மறுபடியும் காலி. தாளைத் திருப்பினால் ஈட்டிய விடுப்புக்கான விண்ணப்பப் படிவம். ஜெர்மன் கிராமத்தின் கொலைகளை எல்லாம் இந்திய அரசாங்கத்தின் காகிதத்தில்தான் மொழிபெயர்த்தேன் என்பதற்கு அது சாட்சி. இந்தக் கட்டுரை இன்னொரு சாட்சியத்தைப் பற்றியது என்பதால், சின்னத் திருட்டை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் டில்லியில் ஓர் அமைச்சகத்தில் அசிஸ்டெண்டாக இருந்தேன். எந்த அமைச்சகம் என்பது வேண்டாம். எல்லா அமைச்சகங்களிலும் ஒரே நாற்காலி, ஒரே தேநீர். குடியிருப்பு கிட்வாய் நகரில், முதல் மாடி. தமிழ் அன்பர்கள் ஆண்டுக்கொருமுறை போடும் மலரில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். அதைப் படித்தவர்கள் சிரித்ததாக எனக்குத் தகவல் இல்லை. ஆனாலும் 'எழுதத் தெரிந்தவன்' என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரை நம்பி ஒருநாள் ஒரு கம்பெனிக்காரர் வீட்டுக்கு வந்தார். ஜெர்மன் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பதின்மூன்று பாகங்களை வாங்கி, நான்கு இந்திய மொழிகளில் குரல் மாற்றி ஒளிபரப்பப் போகிறார்கள். கிராமத்தில் நடக்கும் துப்பறியும் தொடர். தமிழ் என்றால் வழக்கமாக மதராசுக்குத்தான் போகும். டில்லியிலேயே இத்தனை தமிழர்கள் இருக்கும்போது நாடாவை ரயிலேற்றுவானேன் என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது. அவர் நினைத்ததில் தவறில்லை. தமிழர்கள் இருந்தார்கள். தமிழ்தான் ஆளுக்கொன்றாக இருந்தது.

ஒலிப்பதிவுக் கூடம், எங்கள் காலனிக்குப் பின்னால் இருந்த மார்க்கெட்டில், ஒரு துணிக்கடைக்கு அடியில் நிலவறையில் இருந்தது. சுவரெல்லாம் முட்டை அட்டையும் சணல் துணியும். சனி, ஞாயிறு காலைகளில் வேலை. மே மாத வெயிலில் கூலரை ஓடவிட்டால் அதன் இரைச்சல் ஜெர்மனிக்குள் நுழைந்துவிடும். அணைத்தால் நாங்கள் வெந்துவிடுவோம். ஒரு வசனத்துக்கு அணைப்பது, அடுத்த வசனத்துக்குள் போடுவது என்று இன்ஜினீயர் விசையருகிலேயே நின்றார். பஞ்சாபிக்காரர். தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆனால் உதடு எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்பது அவருக்குத் தெரிந்த அளவு எங்களுக்குத் தெரியாது. மூன்றாம் பாகத்தில், அந்த ஊர்த் தேவாலய மணி அடிக்கும் காட்சியில், கூர்ந்து கேட்டால் தொலைவில் ஒருவர் "ஆலூ லே லோ, பியாஸ் லே லோ" என்று கூவுவது கேட்கும். தெருவில் போன காய்கறி வண்டி. யாரும் புகார் செய்யவில்லை. ஜெர்மனியிலும் உருளைக்கிழங்கு விற்பார்கள்தானே.

தொடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். எப்போதும் மழை, அல்லது மழை விட்ட ஈரம். பச்சைப் புல்வெளி, கொழுத்த பசுக்கள், அவற்றின் கழுத்தில் நம் ஊர்க் கோயில் மணியளவுக்கு மணி. பாகத்தின் தொடக்கத்தில் வைக்கோல் பொதிக்குப் பக்கத்தில் ஒரு பிணம் கிடக்கும். தொப்பியில் இறகு செருகிய, தொந்தி வைத்த இன்ஸ்பெக்டர் ஒருவர் ஜீப்பில் வந்து இறங்குவார். யாரையும் அடிக்கமாட்டார், துரத்தமாட்டார், துப்பாக்கி எடுக்கமாட்டார். வேலியில் சாய்ந்துகொண்டு மாட்டைப் பற்றி நாலு கேள்வி கேட்பார். பிறகு ஊர்ச் சத்திரத்துக்குப் போய் உட்கார்ந்து, அங்கே ஊரார் பேசுவதைக் கேட்பார். கடைசியில் ஒருவன் தானாகவே சொல்லிவிடுவான். முதல் பாகம் பார்த்து முடித்ததும் எங்களில் ஒருவர், "இத்தனை மாடு இருக்கு, ஒருத்தனும் மோர் குடிக்கமாட்டேங்கறானே" என்றார். அதுதான் எங்கள் முதல் விமர்சனம்.

குரல் கொடுத்தவர்கள் எல்லாரும் மத்திய அரசின் சம்பளப் பட்டியலிலோ வங்கியிலோ இருந்தவர்கள். பெண் பாத்திரங்கள் அத்தனைக்கும் ஜனக்புரியிலிருந்து பஸ் பிடித்து வந்த ஓர் அக்கா. வங்கியில் வேலை, சொந்த ஊர் கோயமுத்தூர்ப் பக்கம். அவர் குரலில் ஜெர்மன் விதவைகள் "ஏனுங்க, எங்கூட்டுக்காரரு நேத்து சாயங்காலமே போனாருங்க" என்று அழுதார்கள். வேலையாட்கள், குடிகாரர்கள், பிணத்தை முதலில் பார்ப்பவர்கள் ஆகியோருக்கு ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர் ஒருவர். வேலூர்க்காரர். பாதி இந்தி கலக்காமல் அவருக்குத் தமிழ் வராது. வராத இடத்தில் இருமிவிடுவார். பாதிரியார், கால்நடை மருத்துவர் போன்ற படித்த மனிதர்களுக்கு நானே குரல் கொடுத்தேன், வேறு ஆள் கிடைக்காததால். இன்ஸ்பெக்டருக்கு சார்.

சார் என்றால் எங்கள் பிரிவின் செக்ஷன் ஆபீசர். மூன்று வருடம் அவருக்குக் கீழே இருந்தேன். திருநெல்வேலிக்காரர். முப்பத்து மூன்று வருட டில்லி வாசம் அவர் பேச்சில் ஒரு கீறல்கூடப் போடவில்லை. அமைச்சரின் அறைக்குள் இந்தியும் ஆங்கிலமும் பேசிவிட்டு வெளியே வந்து, "என்னத்தச் சொல்ல, அவருக்கும் தெரியல, நமக்கும் தெரியல" என்பார். அடிவயிற்றிலிருந்து அவசரமில்லாமல் எழுந்து வரும் குரல். அந்தத் தொந்தி இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தபோதே எனக்கு சார்தான் தெரிந்தார். கேட்டேன். யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். யோசிக்கவில்லை, விண்ணப்பம் போட்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அரசு ஊழியர் வெளிவேலை செய்ய அனுமதி வேண்டுமாம். கலை சம்பந்தமான எப்போதாவது ஒரு வேலைக்கு அது தேவையில்லை என்று அதே விதியின் அடுத்த வரி சொல்கிறது. அதையும் எடுத்துக்காட்டி, ஆனாலும் அனுமதி கேட்டு, 'ஊதியம் பெறமாட்டேன்' என்று தானாகச் சேர்த்து, கையெழுத்து வாங்கியிருந்தார். அந்த அனுமதிக் கடிதத்தின் நகல் ஒவ்வொரு ஞாயிறும் அவர் சட்டைப் பையில் இருக்கும். மைக்குக்கு முன்னால் அது சரசரக்கிறது என்று இன்ஜினீயர் எடுக்கச் சொன்னால், எடுத்து, மடித்து, கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொள்வார்.

அவருக்கு அண்டர் செக்ரட்டரி பதவி உயர்வு வரவேண்டிய வருடம் அது. ஓய்வுக்கு ஒன்றரை வருடம் பாக்கி. வாசலில் பெயர்ப்பலகை போட்ட தனி அறையில் ஒருநாளாவது உட்கார வேண்டும் என்பதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் தாழ்வாரத்தில் நடக்கும்போது மற்றவர்களின் பெயர்ப்பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிப்பவரைப் போல நின்று பார்ப்பார். அந்த நேரத்தில்தான் எங்கள் பிரிவிலிருந்த ரகசியக் கோப்பு ஒன்றின் நகல் வெளியாள் கைக்குப் போய், மேலே பெரிய சத்தமாகிவிட்டது. கோப்பு இருந்தது இரும்பு அலமாரியில். அலமாரிச் சாவி சாரின் மேஜை இழுப்பறையில். வேறு யாரும் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை என்றால், பொறுப்பு யாருடையது என்பதற்கு ஜெர்மனியிலிருந்து இன்ஸ்பெக்டர் வரவேண்டியதில்லை. சாருக்குக் குற்றப்பத்திரிகை வந்தது. விசாரணை முடியும்வரை பதவி உயர்வு முடிவை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். குற்றமில்லை என்றானால் உறையைப் பிரிப்பார்கள். அதுவரை அவர் பெயர் அந்த உறைக்குள்.

இப்போது நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். பத்து வருடத்துக்கு மேலாகச் சொல்லாததால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை, ஊறுகாயில் தொடங்குகிறேன். அந்த நாட்களில் ஒன்று, மதிய இடைவேளையில் எல்லாரும் புல்வெளிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு போயிருந்தோம். என் ஊறுகாய் பாட்டிலை மேஜையில் மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது பிரிவில் எங்கள் டைரக்டர் மட்டும் இருந்தார். சாரின் இழுப்பறை திறந்திருந்தது. அலமாரியும் திறந்திருந்தது. நீல அட்டை போட்ட அந்தக் கோப்பு அவர் கையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் பதறவில்லை. "அச்சா, கானா ஹோ கயா?" என்று, சாப்பாடு ஆயிற்றா என விசாரித்தார். "ஊறுகாய், சார்" என்றேன். பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஓர் அதிகாரி தன் பிரிவின் கோப்பை எடுப்பதில் என்ன தவறு என்று அப்போது நினைத்தேன். விசாரணை வந்தபோதும் அப்படியே நினைக்க முயன்றேன். அவர்தான் நகலை வெளியே கொடுத்தார் என்று இப்போதும் சொல்லவில்லை. அதை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது, அந்தச் சாவி சாரின் கையில் மட்டும் புழங்கவில்லை என்பதை. சாருக்கு அவ்வளவு போதும். பிரிவில் இருந்த ஒவ்வொருவரிடமும் எழுத்தில் வாக்குமூலம் கேட்டார்கள். என் வருடாந்தர ரகசிய அறிக்கையில் கடைசிக் கையெழுத்து டைரக்டருடையது. 'என் அறிவுக்கு எட்டிய வரையில் குறிப்பிடத்தக்க எதையும் நான் கவனிக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். நகைச்சுவை எழுத்தாளன் என்று பெயரெடுத்தவன் எழுதியதிலேயே மிகச் சுத்தமான நடை அதுதான்.

குற்றப்பத்திரிகைக்குப் பிறகு சார் குரல் கொடுக்க வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார், ஒரு ஞாயிறுகூடத் தவறாமல். அலுவலகத் தாழ்வாரத்தில் ஆட்கள் அவரைக் கண்டதும் கையிலிருந்த காகிதத்தைப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். நிலவறையில் அப்படி யாரும் இல்லை. அங்கே அவர் இன்ஸ்பெக்டர். வேலியில் சாய்ந்து, "ஏ அய்யா, அந்த வெள்ளப் பசு ரெண்டு நாளா கறக்கலயாமே" என்று விசாரிப்பார். நான் எழுதிக் கொடுத்தது 'அந்தப் பசு பால் தருவதில்லை என்று கேள்விப்பட்டேன்' என்பது. அவர் வாயில் அது அப்படி ஆகிவிடும். உதட்டசைவுக்கு இரண்டும் ஒத்துப்போகும் என்று இன்ஜினீயர் கட்டைவிரலை உயர்த்துவார்.

ஒன்பதாம் பாகத்தில் பிரச்சினை வந்தது. ஆங்கில வசனப் பிரதியை யாரோ நகலெடுத்தபோது கடைசி இரண்டு பக்கம் விட்டுப்போயிற்று. கம்பெனிக்காரர் ஜெர்மனிக்கு ஃபாக்ஸ் அனுப்பினார். சனி, ஞாயிறில் அங்கே ஃபாக்ஸைத் தொடும் மனிதர் யாரும் இல்லை. எங்களுக்குத் தெரிந்தவர்களில் ஜெர்மன் படித்த ஒரே ஆள், கல்யாணத்துக்கு டேராடூன் போயிருந்தார். திங்கள் காலை நாடா போயாக வேண்டும்; போகாவிட்டால் மிச்ச நான்கு பாகமும் மதராசுக்கு. கதையில் ஒரு பண்ணையார் செத்துக் கிடக்கிறார். பண்ணையில் வேலை செய்யும், வேற்று நாட்டிலிருந்து பிழைக்க வந்த ஆள் மேல் ஊருக்கே சந்தேகம். விதவைக்கும் சந்தேகம். சத்திரத்தில் இன்ஸ்பெக்டரே, 'அவன் கண்ணைப் பார்த்தால் எனக்கும் சரியாகப்படவில்லை' என்று நாலு பேர் காதுபடச் சொல்லியிருக்கிறார். அதுவரை பிரதி இருந்தது. கொலைகாரன் யார் என்பது காணாமல் போன பக்கங்களில்.

ஆகவே படத்தை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தோம். முதல் காட்சி: மழை. கால்நடை மருத்துவர் தன் வீட்டு வாசலில் இன்ஸ்பெக்டரோடு ஏதோ பேசுகிறார். பிறகு இன்ஸ்பெக்டரின் ஜீப்பில் பின் இருக்கையில் ஏறி உட்கார்கிறார். ஜீப் போகிறது. இதில் எங்கள் நால்வருக்கும் சந்தேகமே வரவில்லை. எங்களுக்குத் தெரிந்த உலகில் அரசாங்க வண்டியின் பின் இருக்கையில் உட்காருகிறவர் அதிகாரி. மழையில் ஒரு கெஜட்டட் அந்தஸ்துள்ள மருத்துவரை ஜீப்பில் கொண்டுபோய் விடுவதைவிட இயல்பான காட்சி உண்டா? "எந்த ஊர்லயும் ஸ்டாஃப் கார் இதுக்குத்தான் ஓடுது" என்றார் விமானப்படைக்காரர். மருத்துவருக்குக் குரல் நான்தான். 'சந்தை வழியா போனீங்கன்னா என்னையும் இறக்கி விட்டுடுங்க' என்று எழுதினேன். உதட்டசைவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அவர் தன் வீட்டு வாசலில்தானே நிற்கிறார் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்தது கடைசிக் காட்சி. மாட்டுக்கொட்டகை. வேலையாள் பால் பாத்திரத்தருகே நிற்கிறான். இன்ஸ்பெக்டர் உள்ளே வருகிறார். தொப்பியைக் கழற்றுகிறார். அவன் தோளில் கை வைக்கிறார். பதினான்கு விநாடி பேசுகிறார். அவன் பால் பாத்திரத்தின் மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறான். பசுக்கள். பெயர்ப் பட்டியல்.

"இவனேதானுங்க" என்றார் அக்கா. "தோள் மேல கைய வெச்சா அரெஸ்ட்டுதானுங்களே. மாட்டிக்கிட்டமேன்னு அழுகறான் பாருங்க."

"தொப்பிய ஏன் கழட்டறாரு?" என்றார் விமானப்படைக்காரர். "அரெஸ்ட் பண்றப்ப யூனிஃபார்ம் ப்ராப்பரா இருக்கணும்ங்க. டோப்பி உதார்கே அரெஸ்டா? நா பார்த்ததே இல்ல."

"மழைல நனைஞ்சிருக்கும்ங்க. நீங்க ஒண்ணு."

நான் எழுதினேன். 'கொலை செய்தது நீதான். எனக்கு அன்றே தெரியும். உன்னை நம்பிச் சோறு போட்டவரை இப்படிச் செய்துவிட்டாயே' என்று தொடங்கி, பதினான்கு விநாடிக்கு அளவெடுத்துத் தைத்தேன். தாளை சாரிடம் நீட்டினேன். கூலரை அணைத்தார்கள். இன்ஜினீயர் விரலால் மூன்று, இரண்டு, ஒன்று காட்டினார். திரையில் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார், வாயைத் திறந்தார். சார் திறக்கவில்லை. படம் ஓடி முடிந்தது.

"க்யா ஹுவா, சாப்?" என்றார் இன்ஜினீயர்.

சார் ஹெட்ஃபோனைக் கழற்றித் தாளோடு மேஜை மேல் வைத்தார். "இத நான் சொல்ல மாட்டேன் வே."

"சார், டயலாக்தானே. நாளைக்கு நாடா போகணும்."

"இவன் செஞ்சான்னு எந்தக் காட்சியில இருக்கு? நான் ஒம்பது தடவ பாத்துட்டேன். எங்கயும் இல்ல. ஊரு பேசுது, பொண்டாட்டி பேசுது, நானும் சத்திரத்துல ஒக்காந்து பேசிட்டேன். பாத்தது யாரு?" என்னைப் பார்த்தார். "நீரு பாத்தீரா?"

சாதாரணமாகக் கேட்ட கேள்வி. ஜெர்மன் வேலையாளைப் பற்றியது. அதற்கு மேல் அவர் குரலில் ஒன்றும் இல்லை. அப்போதும் தேடினேன், இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை. ஆனால் நான் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். தேநீர் வட்டம் விழுந்தது அப்போதுதான். கையில் இருந்த கோப்பையை வசனத்தின் மேலேயே வைத்துவிட்டேன்.

"இல்ல சார்" என்றேன்.

"பொறவு என்ன எழவுக்கு எழுதுதீரு?"

அக்கா சமாதானத்துக்கு வந்தார். "பொம்மைக்குப் பேசறமுங்க சார். அந்தாளுக்கு நம்ம பேசறது தெரியவா போகுது?"

"அவனுக்குத் தெரியாதும்மா" என்றார் சார். "எனக்குத் தெரியுமே. ஓடவிடச் சொல்லும், நானே சொல்லுதேன்."

தாளை எடுத்து என் வசனத்தைக் குறுக்காக அடித்தார். கீழே ஒன்றும் எழுதவில்லை. கூலர் நின்றது. மூன்று, இரண்டு, ஒன்று. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி அந்த ஆளின் தோளில் கை வைத்தார். சார் சொன்னார்:

"தம்பி, ஊரு உன்னப் பத்தி என்னென்னமோ பேசுது. நானுங் கேட்டேன். ஆனா கண்ணால பாத்தவன் ஒருத்தனும் எங்கிட்ட வரல. வார வரைக்கும் நான் ஒண்ணும் எழுத மாட்டேன். நீ போயி மாட்டப் பாரு."

வேலையாள் அழுதான். பசுக்கள் வந்தன. இன்ஜினீயர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். "சௌதா செகண்ட். பர்ஃபெக்ட்" என்றார். சரியாகப் பதினான்கு விநாடி. விமானப்படைக்காரர் அழுகைக்குக் குரல் கொடுக்க மைக்கிடம் போனார். வழக்கமாக இருமலும் செருமலுமாகத்தான் அழுவார். அன்று ஒரே தடவையில் முடித்துவிட்டு, தண்ணீர் வேண்டும் என்று மேலே போய்விட்டார்.

அந்தப் பாகம் ஒளிபரப்பானது. கொலைகாரன் பெயர் தெரியாமலே முடிந்த ஒரே துப்பறியும் கதை அதுவாகத்தான் இருக்கும். கரூரிலிருந்து ஒரு நேயர் அஞ்சலட்டை போட்டிருந்தார்: 'கொன்றது யார் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.' கம்பெனிக்காரர் அதை என்னிடம் கொடுத்தார். நான் பதில் போடவில்லை. திங்கட்கிழமை அலுவலகத்தில் விசாரணை அதிகாரியின் அறை வரை இரண்டு தடவை போனேன். முதல் தடவை உள்ளே யாரோ இருந்தார்கள். இரண்டாவது தடவை அதிகாரியைத் தவிர யாரும் இல்லை; அதனால் திரும்பிவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து ஆணை வந்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை; ஆனால் சாவியைப் பாதுகாப்பதில் எதிர்காலத்தில் கவனமாக இருக்கும்படி எச்சரிக்கப்படுகிறார். முழுக்கக் குற்றமற்றவர் என்று சொல்லாததால் உறையைப் பிரிக்கவில்லை. எதிர்காலத்தில் கவனமாக இருக்க சாருக்கு நான்கு மாதம் மிச்சமிருந்தது. இருந்தார். சாவியை அரைஞாணில் கட்டித் தொங்கவிடாத குறை. பிரிவுபசார விழாவில் சமோசாவும் ஒரு பிரீஃப்கேசும் கொடுத்தார்கள். டைரக்டர் அவர் நேர்மையைப் பாராட்டிப் பேசினார். நானும் பேசினேன். சிரிக்கச் சிரிக்கப் பேசினேன் என்றார்கள். ஜெர்மன் இன்ஸ்பெக்டர் திருநெல்வேலிக்காரரான கதையைச் சொன்னேன். ஒன்பதாம் பாகத்தை மட்டும் சொல்லவில்லை. அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. இப்போது பெயர்ப்பலகை போட்ட அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். பலகையில் என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை.

சென்ற குளிர்காலத்தில், மேற்படிப்புக்காக ஜெர்மனி போயிருந்த என் தங்கை மகள் திரும்பி வந்தபோது, அந்தத் தொடர் முழுவதையும் குறுந்தகடாக வாங்கி வந்தாள். நான் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போன தொடர். ஆங்கில எழுத்து கீழே ஓடியது. ஒன்பதாம் பாகத்தைப் போட்டேன். மழை. வாசலில் கால்நடை மருத்துவர். இன்ஸ்பெக்டர் அவரிடம், ஊசி மருந்தின் கணக்கு சரியாக இல்லை என்கிறார். மருத்துவர், "கோட்டை எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார். பிறகு ஜீப்பில் ஏறுகிறார். பின் இருக்கையில்.

கொலைகாரனை மரியாதையாக சந்தையில் இறக்கிவிட்டிருக்கிறோம். அதுவும் என் குரலில்.

நிறுத்திவிட்டு ஒரு காபி குடித்தேன். பிறகு மாட்டுக்கொட்டகை. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். தோளில் கை வைத்தார். கீழே எழுத்து ஓடியது: 'உன்னைச் சந்தேகப்பட்டேன், அதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது என்பதால். சத்திரத்தில் எல்லார் முன்பும் அதைச் சொன்னேன். இன்று அதே சத்திரத்துக்கு உன்னையும் அழைத்துக்கொண்டு போகிறேன். தவறு என்னுடையது என்று அதே ஆட்கள் முன்னால் சொல்லப்போகிறேன்.' பதினான்கு விநாடி. அரெஸ்ட் இல்லை. மன்னிப்பு. அதற்குத்தான் தொப்பியைக் கழற்றியிருக்கிறார்.

சார் இப்போது ஜனக்புரியில் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிறு காலை குறுந்தகட்டை எடுத்துக்கொண்டு மெட்ரோவில் போனேன். எழுபதை நெருங்கிவிட்டார், உடம்பு பாதியாகிவிட்டது, குரல் மட்டும் அப்படியே. "வாரும், வாரும். என்னவே, தல இப்படி நரைச்சுட்டு?" என்றார். மகள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். படத்தைப் போட்டேன். மருத்துவர் ஜீப்பில் ஏறியபோது நான் விளக்கினேன். சார் தொடையைத் தட்டிச் சிரித்தார். "நாலு பேரு, மொத்தம் நூறு வருச சர்வீஸு. பின்சீட்டுல இருந்தா ஆபீசருன்னு நெனச்சுட்டோம் பாத்தீரா!" கொட்டகைக் காட்சியில் சிரிப்பை நிறுத்திவிட்டார். எழுத்தை நான் தமிழில் சொன்னேன். இரண்டாவது முறை போடச் சொன்னார். பார்த்துவிட்டு, "நல்ல மனுசன்" என்றார். "நான் பேசுனது கொறச்சல்தான். மாட்டப் பாருன்னுட்டு விட்டுட்டேன்."

பசுக்கள் திரையில் உறைந்து நின்றன. "சார்" என்றேன். "அந்தக் கோப்பு. அன்னைக்கு லஞ்ச்ல நான் ஊறுகாய் பாட்டில் எடுக்க செக்ஷனுக்கு வந்தேன்." ஒரு தடவை தொடங்கியதும் முழுவதும் வந்துவிட்டது. திறந்திருந்த இழுப்பறை, அலமாரி, நீல அட்டை, டைரக்டர், நான் எழுதிக் கொடுத்த அழகான வாக்கியம். விசாரணை அதிகாரியின் அறை வாசல்.

சார் கோபப்படவில்லை. எனக்குத் தெரியும் என்றும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, முகத்தில் பார்த்தேன். டீயை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். சன்னலுக்கு வெளியே பார்க்கில் யாரோ ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"பன்னெண்டு வருசம்" என்றார். "நானே எங்கயாவது சாவிய வச்சு மறந்துட்டனோன்னு பன்னெண்டு வருசமா யோசிச்சுட்டு இருக்கேன் வே."

என் கோப்பையை வைக்க ஓர் இடம் தேடினேன்.

"இத இப்படி வாயால சொல்லிட்டுப் போனா எப்படி?" என்றார் கடைசியில். "எழுத்துல கொடும்."

"இப்ப எழுதி யாருக்கு சார் அனுப்பறது? அந்த டைரக்டரும் ரிட்டயர் ஆயாச்சு. ஃபைலும் இருக்காது."

திரையைக் காட்டினார். "அவன் யாருக்குப் போயிச் சொல்லுதான்? சத்திரத்துக்குத்தான? ஊருதான பேசிச்சு. ஊருக்கு எழுதும்."

அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய தாளைத் தேடி எடுத்தேன். நாற்பத்து மூன்றாவது நிமிடம், பதினெட்டாவது விநாடி. சார் குறுக்கே அடித்த என் வசனத்துக்குக் கீழே, அவர் ஒன்றும் எழுதாமல் விட்ட இடம் அப்படியே இருந்தது. பென்சிலால் எழுதினேன்:

'அன்று மதிய இடைவேளையில், பிரிவில் யாரும் இல்லாதபோது, டைரக்டர் அலமாரியைத் திறந்து அந்தக் கோப்பைக் கையில் வைத்திருந்ததை நான் பார்த்தேன். சாரின் இழுப்பறை திறந்திருந்தது. கேட்டபோது எதையும் கவனிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய்.'

கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு, சத்தமாக, அவசரப்படாமல் படித்துப் பார்த்தேன். பதினோரு விநாடிதான் ஆயிற்று. மிச்சம் மூன்று விநாடி. கழற்றுவதற்குத் தொப்பி போடும் பழக்கமும் எனக்கு இல்லை.